முதல் எழுத்து ட, பிறகு ப, ம

பிள்ளைக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கும்போது அகர வரிசையில் தொடங்க வேண்டாம். 'அ' சுழித்து எழுத வேண்டிய கடினமான வடிவம். மேலிருந்து ஒரு கோடு இறக்கி, கையை எடுக்காமல் வலப்புறம் இழுத்தால் ட. அப்படியே மேலே ஏற்றினால் ப. ஏறிய கோட்டை உள்ளே வளைத்துக் கீழே இறக்கினால் ம.

தட்டில் மணல் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே ஆள்காட்டி விரலால் ஐந்து முறை எழுதட்டும். அதன்பிறகே சிலேட்டு. பல்பத்தை இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஒடித்துக் கொடுங்கள். துண்டு சிறிதானால் முழுக்கையால் பற்ற முடியாது, மூன்று விரல்பிடி தானாக வரும்.

'பானா', 'மானா' என்று பெயர் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை 'பானா டானா' என்றே வாசிக்கும், சொல் கூடிவராது. ஒலியை மட்டும் சொல்லுங்கள். ம் என்றால் உதட்டை மூடி முனகவேண்டும். 'ம' என்று வாய் திறந்தால் 'படம்' 'படம' ஆகிவிடும்.

இன்னொன்று: 'படம்' என்பதில் ட மென்மையாகவும், 'பட்டம்' என்பதில் அழுத்தியும் ஒலிக்கும். விதி சொல்லாதீர்கள். இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்க வையுங்கள், காது பிடித்துக்கொள்ளும்.

ட திரும்பி விழுந்தால் திட்டாதீர்கள், தொடங்கும் இடத்தில் புள்ளி வையுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.