குண்டுவீச்சு விமானப் பிரிண்டுகள்: கீழ் ஓரத்தைப் பார்த்து வாங்குங்கள்

லான்காஸ்டர், பி-29 போன்ற இரண்டாம் உலகப்போர் விமானங்களின் ஓவியப் பிரிண்டுகள் பெரும்பாலும் ஆப்செட் என்னும் இயந்திர அச்சு முறையில் மொத்தமாக அச்சானவை. படம் எல்லாப் பிரதியிலும் ஒன்றுதான். விலையை ஏற்றுவதும் இறக்குவதும் படத்துக்குக் கீழே உள்ள வெள்ளை ஓரம். ஓவியரின் பென்சில் கையொப்பம், 125/850 என்பது போன்ற எண் (850 பிரதிகளில் 125ஆவது என்று பொருள்), விமானிகளின் கையொப்பங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். சட்டத்துக்குள் அடங்கவில்லையென்று யாராவது அந்த ஓரத்தை வெட்டியிருந்தால், அது வெறும் சுவரொட்டி.

முதலில் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஊரோடு ஒட்டிய கருப்பொருள்களே போதும்: 1941 டிசம்பர் 8 அதிகாலையில் இங்கே குண்டு போட்ட ஜப்பானிய மிட்சுபிஷி ஜி3எம் விமானம், இரண்டு நாள் கழித்து குவாந்தான் கடலில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கியது, 1944 நவம்பர் 5 அன்று இங்குள்ள கடற்படைத் தளத்தைத் தாக்கிய பி-29கள். இவை புறப்பட்டது ரயில் நிலையத்தால் நமக்குப் பழக்கமான, இந்தியாவின் காரக்பூர்ப் பக்கத்திலிருந்து. ஆனால் சந்தையில் அதிகம் கிடைப்பது ஐரோப்பியப் போர்க்காட்சிகள், அதிலும் 1943 மே மாதம் ஜெர்மனியின் அணைகளைத் தாக்கிய பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆம் படைப்பிரிவு லான்காஸ்டர்கள். அந்தத் தாக்குதலுக்காக மாற்றியமைத்த விமானங்களில் முதுகுப் பக்கத்துத் துப்பாக்கிக் கூண்டு கிடையாது. படத்தில் அது இருந்தால் ஓவியர் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று பொருள்.

கையொப்பத்தைச் சோதிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (சிறு கைக்கண்ணாடி வில்லை) ஒன்று வேண்டும். உருப்பெருக்கிப் பார்த்தால், அச்சிட்ட கையொப்பம் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடையும். பென்சில் கையொப்பம் தாளின் நாரில் ஒட்டிய சாம்பல் தூளாகத் தெரியும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் லேசாக மினுங்கும், அழுத்திய இடத்தில் பள்ளமும் இருக்கும். அடுத்து தேதிகளை ஒப்பிடுங்கள். 617இன் தலைவர் கை கிப்சன் 1944 செப்டம்பரிலேயே இறந்துவிட்டார். 1980களில் அச்சான தாளில் அவர் கையொப்பம் இருக்க வழியே இல்லை. வேறொரு தாளிலிருந்து வெட்டியெடுத்து மவுண்டில், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் சாளரம் வெட்டிய அட்டையில், தனிச் சாளரமாகப் பதித்திருந்தால் மட்டுமே சாத்தியம். அப்படி என்றால் அந்தத் துண்டுக்கும் தனிச் சான்று கேளுங்கள். சின்ன எண் உள்ள பிரதி உசத்தி என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். ஆப்செட்டில் 12ஆம் பிரதிக்கும் 700ஆம் பிரதிக்கும் தரத்தில் வித்தியாசம் இல்லை. ஓவியர் ஓரத்தில் பென்சிலால் தனியாக ஒரு சிறு படம் வரைந்திருந்தால் அதை ரிமார்க் என்பார்கள். அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது, பொருளின் விலையும் அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்ந்து 400 வெள்ளியைத் தாண்டினால், மொத்தத்துக்கும் 9 விழுக்காடு ஜிஎஸ்டி இங்கே கட்ட வேண்டும். குழாயில் சுருட்டி வந்தால் உடனே பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே அறையில் வைத்து, பிறகு மெதுவாக விரித்து, மேலும் கீழும் சுத்தமான வெள்ளைத் தாள் வைத்து, பலகையும் புத்தகங்களும் ஏற்றி மூன்று நான்கு நாள் விடுங்கள். எதிர்ப்பக்கமாகச் சுருட்டி நிமிர்த்தப் பார்த்தால் தாளில் பிறை வடிவத்தில் மடிப்பு விழும். அது போகவே போகாது.

சட்டம் போடும் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை இவை. அமிலமில்லா மவுண்ட் போர்டு வேண்டும். படத்தை அட்டையில் முழுதாக ஒட்டக் கூடாது. மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாள் கீல் இரண்டு, கோதுமைப் பசையில். செலோடேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். சூட்டில் ஒட்டினால் படம் பளிச்சென்று தட்டையாக இருக்கும், மறுவிற்பனை மதிப்பும் அத்தோடு போகும். மவுண்டின் சாளரம் கையொப்பங்களை மறைக்காமல் கீழே அகலமாக இருக்கட்டும். புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் போடுங்கள், அது படத்தைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரம் தேங்கி இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

நம்மூர் ஈரப்பதந்தான் இந்தப் பொழுதுபோக்குக்குப் பரம எதிரி. இரவில் ஏர்கான், பகலில் திறந்த சன்னல் என்று மாறி மாறி இருக்கும் படுக்கையறையில் தாள் நீண்டு சுருங்கி அலையலையாகும். வீவக வீட்டில் மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவர், குளியலறையோடு ஒட்டிய சுவர், சாமி அறையின் சாம்பிராணிப் புகை படும் இடம் மூன்றும் வேண்டாம். சட்டத்தின் பின்மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் அதற்கும் நடுவே காற்று ஓடும். மாட்டாத பிரிண்டுகளைத் தட்டையாக அமிலமில்லா உறையில் போட்டு, ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்படி வையுங்கள். கேமராவுக்கு விற்கும், ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினட் பெட்டியில் சிறிய அளவுகள் அடங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். துரு நிறப் புள்ளிகள் தெரிந்தால் ஈரம் உள்ளே போய்விட்டது. விளிம்பில் தாளின் மேல்பரப்பு சுரண்டினாற்போல் இருந்தால் இராமபாணப் பூச்சி வந்துவிட்டது. அது கோதுமைப் பசையையும் விரும்பித் தின்னும் என்பதால், கீல் இருக்கும் மேல் விளிம்பை முதலில் பாருங்கள்.