வன்னி வீதியில் ஓடுகிற வேகக் காருக்கு ரயர் தெரிவு செய்வது எப்படி

கடைக்குப் போய் "நல்லாப் பிடிக்கிற ரயர் ஒரு செற் வேணும்" என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கே பிடிக்க வேண்டும், எந்த மாதத்தில் பிடிக்க வேண்டும் என்று முதலில் நீங்களே முடிவெடுத்துவிட்டுப் போங்கள், ஏனென்றால் காய்ந்த தாரில் பசை மாதிரி ஒட்டுகிற ரயரும் கார்த்திகை மழையில் காரை நிறுத்தித் தருகிற ரயரும் அநேகமாக ஒன்றாக இருப்பதில்லை. மிற்சுபிசி இவோ, சுபாரு எஸ்டிஐ, நிசான் ஸ்கைலைன் மாதிரி வேகக் கார் வைத்திருக்கிற பெடியள் எஞ்சினுக்குக் கொட்டுகிற காசில் பாதியைக்கூட ரயரில் போட மனம் வராமல் நிற்பதைக் கண்டுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீதிகளை நினைத்துப் பாருங்கள். வவுனியாவிலிருந்து ஓமந்தை, மாங்குளம், முறிகண்டி தாண்டிப் பரந்தன் வரை ஏ9 நல்ல காபற் வீதி, கோடையில் அதில் சுமாரான ரயர்கூடப் பிடிக்கும். சிக்கல் மற்றக் காலத்தில். ஐப்பசியிலிருந்து மார்கழி முடியும் வரை மழை. வயலுக்குள்ளிருந்து ஏறுகிற உழவு இயந்திரம் சில்லில் அள்ளிவந்து தாரில் அப்பிவிட்டுப் போகிற களி ஈரத்தில் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். மாசி, பங்குனியில் காலபோக நெல் வீதியோரத்தில் காயும். சிதறி நடுவீதிக்கு வந்த மணிகளின் மேல் ஏறினால் உலகத்தில் எந்த ரயரும் பிடிக்காது, அதற்கு ரயர் தேடாதீர்கள், அக்சிலேற்றரிலிருந்து காலை எடுங்கள். இரவில் மாடு படுத்திருக்கும். ஆகவே இங்கே ரயரின் முதல் வேலை ஈரத்தில் நிறுத்துவது. சில்லுச் சுற்றாமல் எஞ்சின் வலுவை நிலத்தில் இறக்குவது இரண்டாவது வேலைதான்.

உராய்வுப் பாடத்தில் ரயர்த் தவாளிப்பை, அதாவது ரயரின் மேற்பரப்பில் வெட்டியிருக்கிற பள்ளங்களைப் பற்றிப் படித்ததை வைத்து, தவாளிப்புக் கூடினால் பிடி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். காய்ந்த தாரில் கதை நேர்மாறு, எவ்வளவு றப்பர் நிலத்தில் படுகிறதோ அவ்வளவு நல்லது, அதனால்தான் பந்தயக் கார்களின் உலர்தள ரயர் மொட்டையாக இருக்கிறது. தவாளிப்பு தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு. டொயோ ஆர்888ஆர் மாதிரி செமி ஸ்லிக் (அரை மொட்டை) ரயர்களில் தவாளிப்புக் குறைவு, றப்பரும் சூடேறினால்தான் முழுப் பிடியைத் தரும். கட்டுக்குருந்தையில் பந்தயம் ஓடப் போகிறவருக்கு அது சரி. ஒட்டுசுட்டானுக்குக் கல்யாண வீட்டுக்குப் போய் மழையில் திரும்பி வருகிறவருக்குச் சரியில்லை. 1960களில் நாசாவின் வோல்டர் ஹோர்ன் விமானச் சில்லுகளை ஆராய்ந்து சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது, அதன்படி 32 பிஎஸ்ஐ காற்றுள்ள ரயர் தேங்கிய நீரில் மணிக்கு 94 கிலோமீற்றர் அளவில் நிலத்தை விட்டு நீர்மேல் மிதக்கத் தொடங்கும். கார் ரயருக்கு அது அப்படியே பொருந்தாது. அகலமான, தேய்ந்த ரயர் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே மிதந்துவிடலாம்.

சரி, அப்படியானால் எதை வாங்குவது? ரயரின் பக்கச் சுவரை வாசிக்கப் பழகுங்கள். 'ட்ரெட்வெயர்' என்று ஒரு எண் இருக்கும். சிறிய எண் என்றால் பெரும்பாலும் மென்மையான றப்பர், நல்ல பிடி, விரைவில் தேயும். ஆர்888ஆர் 100, மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300, சாதாரணக் குடும்பக் கார் ரயர் 400, 500 என்று போகும். இந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தன் ரயருக்குத் தானே போடுகிறது, ஆகவே ஒரு நிறுவனத்தின் 200ஐயும் இன்னொன்றின் 220ஐயும் வைத்துச் சண்டை பிடிப்பதில் பயனில்லை. பக்கத்தில் 'ட்ராக்‌ஷன் ஏஏ' அல்லது 'ஏ' என்று இருப்பது ஈரத்தில் நேர்கோட்டில் பிறேக் பிடிப்பதை மட்டும்தான் சொல்லும், வளைவைப் பற்றியோ நீர்மேல் மிதப்பதைப் பற்றியோ அது பேசாது. என் முடிவு: வருடம் முழுக்க வன்னியில் ஓடுகிற காருக்கு ட்ரெட்வெயர் 240க்கும் 340க்கும் இடைப்பட்ட, 'ஏஏ' போட்ட கோடைகால ரயர். 200 எண் ரயர் வேண்டுமென்றால் அதற்குத் தனி றிம் வைத்து, சித்திரையிலிருந்து ஆவணி வரை மட்டும் போடுங்கள்.

கோடைகால ரயர் என்று சொன்னதும் சிலர் பயப்படுகிறார்கள். அது 7 பாகை செல்சியசுக்குக் கீழேதான் விறைத்துப் பிடி இழக்கத் தொடங்கும், அந்தக் குளிர் இங்கே எப்போதும் வராது. நீங்கள் கவனிக்க வேண்டியது எதிர்ப்பக்கம். ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்களில் சிலவேளை பனிக்கால ரயரோடே வந்துவிடும், பக்கச் சுவரில் 'ஸ்டட்லெஸ்' என்று இருக்கும், தவாளிப்புகளுக்கு இடையிலுள்ள றப்பர்க் கட்டைகளில் மயிரிழை மாதிரி நிறைய வெட்டுகள் தெரியும். நகத்தால் அமுக்கினால் மெத்தென்று இருப்பதால் நல்ல பிடி ரயர் என்று விற்பார்கள். பனிக்குச் செய்த அந்த றப்பர் எங்கள் வெயிலில் கொதிக்கிற தாரில் நெளியும், வளைவில் கார் மிதப்பது போல இருக்கும், சில மாதங்களில் தேய்ந்தும் போகும்.

அகலத்தில் பேராசை வேண்டாம். இவோ 10க்குக் கம்பனி அளவு 245/40 ஆர்18, அதாவது அகலம் 245 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 40 வீதம், றிம்மின் விட்டம் 18 அங்குலம். றிம்மின் அகலம் 8.5 அங்குலம். அதே றிம்மில் 265/35 போட்டால் பார்க்க மிடுக்காக இருக்கும், ஆனால் 265/35க்கு 9 அங்குல அகலத்துக்குக் குறையாத றிம் தேவை, இல்லாவிட்டால் பக்கச் சுவர் பிதுங்கி வளைவில் தள்ளாடும். சுற்றளவும் ஏறத்தாழ 1.6 வீதம் குறைகிறது. பக்கச் சுவரின் உயரம் 98 மில்லிமீற்றரிலிருந்து 93க்கு இறங்குகிறது. உள்வீதிக் குழியில் இறங்கி றிம் விளிம்பு நெளிந்தவர்களுக்கு அந்த 5 மில்லிமீற்றரின் அருமை தெரியும். நான்கு சில்லும் இழுக்கிற காரென்றால் நான்கு ரயரும் ஒரே வகை, ஒரே அளவு தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னுக்குப் புதிது, பின்னுக்கு அரைத்தேய்வு என்று போட்டால் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் வலுவைப் பகிர்கிற நடு டிபரன்ஷல் ஓயாமல் வேலை செய்து சூடேறிக் கெடும், அதைத் திருத்துகிற செலவில் இரண்டு செற் ரயர் வாங்கலாம்.

வயதைப் பார்க்காமல் மட்டும் வாங்காதீர்கள். 2021இல் ஒரு கடையில் பெயர்போன ரயர் ஒரு செற் நல்ல விலைக்கு வந்தது, தவாளிப்பு முழுசாக இருந்தது, வாங்கிப் பூட்டினேன். மூன்று கிழமைக்குப் பிறகு மாங்குளத்துக்கு இந்தப் பக்கம், தூறல் விழுந்து வீதி நனைந்தும் நனையாமலும் இருந்த நேரம், ஒரு பசு குறுக்கே வந்தது. பிறேக்கை மிதித்தேன். ஏபிஎஸ் காலுக்குக் கீழே கடகடவென்று அடிக்கிறது, கார் நிற்கவில்லை, போய்க்கொண்டே இருக்கிறது. பசு தானாக விலகியதால் தப்பியது. வீட்டுக்கு வந்து காருக்குக் கீழே படுத்து போன் வெளிச்சத்தில் உட்பக்கச் சுவரைப் பார்த்தால் டிஓடி (DOT) என்று தொடங்குகிற தயாரிப்புக் குறியின் கடைசியில் 1415 என்று இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 14ஆவது கிழமை. ஆறு வருடம் எங்கோ வெயில் படக் கிடந்த றப்பர், நகத்தை ஊன்றினாலும் தடம் விழவில்லை, தவாளிப்பின் அடியில் தலைமயிர் போலக் கீறல். இந்த நான்கு இலக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், பூட்டும்போது அது உள்ளே போய்விட்டால் வெளியிலிருந்து தெரியாது. ஆகவே பூட்டுவதற்கு முதல், ரயர் நிலத்தில் கிடக்கும்போதே நான்கையும் புரட்டிப் பார்த்து வாசியுங்கள், இரண்டு வருடத்துக்கு மேல் என்றால் வேறு கேளுங்கள்.

பூட்டிய பிறகு அலைன்மென்ற் பார்த்துவிடுங்கள். காற்றைக் காலையில், கார் ஓடுவதற்கு முதல், கதவோரம் ஒட்டியிருக்கிற அளவுக்கு அடியுங்கள். வெப்பம் 5, 6 பாகை ஏறினால் அழுத்தம் 1 பிஎஸ்ஐ கூடும், காலையில் 32 இருந்தது மத்தியான வெயிலில் ஓடிவிட்டுப் பார்த்தால் 37, 38 என்று காட்டும், அதைக் கண்டு காற்றைத் திறந்துவிட்டால் அடுத்த நாள் காலை குறைந்த காற்றோடு ஓடுவீர்கள், அது மழையில் இன்னும் ஆபத்து. தவாளிப்பின் அடியில் இருக்கிற 1.6 மில்லிமீற்றர் தேய்மான அடையாளக் கட்டை வெளியே தெரியும் வரை காத்திருக்கவும் வேண்டாம், 3 மில்லிமீற்றர் மிஞ்சும்போதே மாரிக்கு முதல் மாற்றுங்கள். புது ரயரின் மேல் அச்சிலிருந்து கழற்றும்போது ஒட்டிய வழுக்கல் படை இருக்கும், முதல் 300 கிலோமீற்றர் மெதுவாக ஓடி அதைத் தேய்த்துவிட்டு, 100 கிலோமீற்றர் ஆகும்போது சில்லு நட்டுகளையும் ஒருதரம் இறுக்கிப் பாருங்கள்.