ஜிம்முக்கு புதுசா போறவங்க கவனிங்க: எந்த வலி ஓகே, எது ஓகே இல்ல

லெக் டே, அதாவது காலுக்கான எக்ஸர்சைஸ் பண்ற நாள், முடிச்ச அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, மறுநாள் காலைல மாடிப்படி இறங்கும்போதுதான் தெரியும், கைப்பிடிய புடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல ஒவ்வொரு படியா இறங்குவீங்க. பயப்படாதீங்க, 24 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்கு போய் அதுவா குறையற வலி இது. லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சுன்னு சொல்வாங்க, அது இல்ல, வெயிட்ட கீழ இறக்கும்போது தசை நார்ல ஏற்படுற நுண்ணிய சேதம்தான் முக்கிய காரணம். படுத்தே கிடக்காம மெதுவா நடங்க, நல்லா தூங்குங்க, அந்த தசைக்கு ரெண்டு நாள் ரெஸ்ட் குடுங்க.

ஆனா மூட்டுல சுருக்குன்னு குத்துச்சுன்னா அந்த செட்ட அங்கயே நிறுத்திடுங்க. யூரின் கோலா கலர்ல போனாலோ கை கால் ரொம்ப வீங்கினாலோ தைலம் தேய்ச்சுட்டு உக்காராம உடனே ஆஸ்பத்திரி போங்க, தசை சிதைஞ்சு கிட்னிய பாதிக்கற விஷயம் அது.

அப்புறம், ஒலிம்பிக் பார், அதாவது ரெண்டு பக்கமும் வெயிட் பிளேட் மாட்டற நீளமான கம்பி, அது மட்டுமே 20 கிலோ, பிளேட் மாட்ட அவசரமே இல்ல. பெஞ்ச்ல மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேல பார தூக்கற பெஞ்ச் பிரஸ் மட்டும் தனியா பண்ணாதீங்க ப்ளீஸ், பக்கத்துல இருக்கறவர்கிட்ட "அண்ணா, கொஞ்சம் பின்னாடி நில்லுங்க"ன்னு கூச்சப்படாம கேளுங்க.