தினம் ஒரு ஃப்ராக்டல்: ஒரே ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

எவ்வளவு பெரிதாக்கினாலும் உள்ளே புதுப்புது நுணுக்கம் வந்துகொண்டே இருக்கிற கணித வடிவம்தான் ஃப்ராக்டல். அந்தப் படம் போட ஆரம்பிக்கிறவர்கள் முதல் வாரம் கண்டபடி ஜூம் செய்து நூறு படம் சேமிப்பார்கள், எட்டாம் நாள் அலுத்துப்போய் மூடிவிடுவார்கள். நானும் அப்படித்தான் விட்டேன். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன்: ஒரு நாளைக்கு ஒரு படம், அரை மணி நேரம், நேற்றைய படத்திலிருந்து ஒரே ஒரு விஷயம்தான் மாறலாம். அப்புறம் அலுக்கவில்லை.

மென்பொருளுக்காக ரொம்ப யோசிக்க வேண்டாம். எக்ஸ், ஏ, ஓ, எஸ் என்று எழுதி 'கேயாஸ்' என்று படிக்கிற இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது, பழைய மடிக்கணினியிலும் ஓடும். மவுஸின் இடது பொத்தானை அழுத்திப் பிடித்தால் உள்ளே போகும், வலது பொத்தான் வெளியே கொண்டு வரும். தொடங்க இது போதும்.

ஆனால் அதைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், இதைத் தவிர்க்காதீர்கள். 1980-இல் கணிதவியலாளர் பெனுவா மாண்டல்பிராட் ஐபிஎம் ஆய்வகத்தில் வரைந்து பார்த்த, அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிற படத்துக்குப் பின்னால் இருக்கிற சூத்திரம் இவ்வளவுதான்: கையில் இருக்கிற எண்ணை வர்க்கமாக்கு, அதோடு 'சி' என்ற எண்ணைக் கூட்டு, வந்த விடையை மறுபடி வர்க்கமாக்கு. 0-இல் தொடங்குங்கள். சி 1 என்றால் 1, 2, 5, 26 என்று ஓடியே போய்விடும். சி −1 என்றால் −1, 0, −1, 0 என்று காலம் முழுக்க அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும். சி 0.3 என்றால்தான் வேடிக்கை, 0.3, 0.39, 0.4521 என்று நத்தை மாதிரி நகர்ந்து, பன்னிரண்டாவது சுற்றில்தான் 2-ஐத் தாண்டுகிறது. 2-ஐத் தாண்டிய எதுவும் திரும்பி வராது. அந்தப் 'பன்னிரண்டு' என்பதுதான் அந்தப் புள்ளியின் நிறம். ஓடாமல் தங்கிவிட்டால் கறுப்பு. சி ஒரு கலப்பெண், மெய்ப்பகுதி கிடையாக, கற்பனைப் பகுதி செங்குத்தாக. பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த அதே கலப்பெண்தான். திரையில் இருக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் இந்தக் கணக்கைப் போட்டால் படம் வந்துவிட்டது.

சரி, முதல் நாள். மெய்ப்பகுதி −0.75, கற்பனைப் பகுதி 0.1 பக்கம் போங்கள். கடற்குதிரைப் பள்ளத்தாக்கு என்பார்கள், போய்ப் பார்த்தால் பெயருக்குக் காரணம் புரியும். அங்கே உள்ளே போகப்போக ஓரங்கள் கறுப்பாக அப்பிக்கொள்ளும். படம் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், சுற்றுகளின் உச்சவரம்பு, அதாவது இத்தனை சுற்றுக்கு மேல் கணக்குப் போடாதே என்று மென்பொருளுக்குச் சொல்கிற எண், போதவில்லை, அவ்வளவுதான். −0.75-க்கு நேர் மேலே 0.1 தூரத்தில் இருக்கிற புள்ளி தப்பியோட 33 சுற்று எடுக்கும், 0.01 தூரத்தில் 315, 0.001 தூரத்தில் 3143. வரம்பை இருநூறில் வைத்திருந்தால் பின்னால் சொன்ன இரண்டுமே கறுப்பாகத்தான் தெரியும். (அந்த எண்களை இன்னொரு தடவை பாருங்கள். பை (π, 3.14…) எட்டிப் பார்க்கிறது, தற்செயல் இல்லை. 1991-இல் ஒருவர் இதைக் கவனித்தார், பிறகு நிரூபணமும் வந்தது.) ஆகவே இரண்டாம் நாள் இடத்தை மாற்றாமல் வரம்பை மட்டும் ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏற்றிப் பாருங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம் நிறம் மட்டும். பாதிப் படம் இங்கேதான் பிழைக்கிறது, பாதிக்கு மேல் இங்கேதான் சாகிறது. மென்பொருளோடு வருகிற வானவில் நிறவரிசை எனக்குப் பிடிக்காது, திருவிழா சீரியல் லைட் மாதிரி எல்லாமே ஒரே நேரத்தில் கத்தும். மூன்று நிறம் போதும், ஒன்று இருட்டாக, ஒன்று மங்கலாக, மூன்றாவது கொஞ்சமே கொஞ்சம் பளிச்சென்று. மழைக்காலத்துச் சுவர், பழைய பித்தளைக் குடம் என்று எதையாவது படம் பிடித்து அதிலிருந்தே எடுக்கலாம். பட்டை பட்டையாகத் தெரிந்தால் 'ஸ்மூத்' என்ற நிறமுறையைப் போடுங்கள். அது சுற்று எண்ணிக்கையைத் தசமத்தில் கணக்கிடும், 12-க்கும் 13-க்கும் நடுவே நிறம் வழுக்கிக்கொண்டு போகும்.

அதற்கப்புறம் சூத்திரத்திலேயே கை வைக்கலாம். வர்க்கத்துக்குப் பதில் கனம் போட்டால் ஒரு குமிழுக்குப் பதில் எதிரெதிரே இரண்டு வரும். வர்க்கமாக்குவதற்கு முன்னால் இரு பகுதிகளின் மைனஸ் குறியையும் நீக்கிவிட்டால் 'எரியும் கப்பல்'. 1992-இல் வந்த வடிவம் இது, மெய்ப்பகுதி −1.76 பக்கம் போனால் பாய்மரத்தோடு நிஜமாகவே கப்பல் நிற்கும். தலைகீழாகத் தெரிந்தால் படத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். சி-யை ஒரே எண்ணில் நிறுத்திவிட்டுத் தொடக்கப் புள்ளியை மாற்றினால் ஜூலியா கணம் என்கிற வேறு படம். 'எம்' விசையைத் தட்டினால் போதும், எந்த இடத்தில் மவுஸ் இருக்கிறதோ அந்த எண்ணுக்கான ஜூலியா வந்துவிடும். −0.123, 0.745 போட்டுப் பாருங்கள், முயல் காது தெரியும். கஸ்தோன் ஜூலியா, முதல் உலகப் போரில் மூக்கை இழந்த கணிதவியலாளர், 1918-இல் இதை எழுதியபோது இந்தப் படங்களைத் திரையில் பார்க்க அவருக்கு வழியே இல்லை.

ஒவ்வொரு நாளும் மையப்புள்ளி, ஜூம் அளவு, வரம்பு, சூத்திரம், நிறவரிசை ஐந்தையும் நோட்டில் எழுதிவிடுங்கள், எண்ணை எல்லாத் தசமத்தோடும். ஒரு தடவை சோம்பேறித்தனமாக நான்கு தசமத்தோடு நிறுத்தினேன். இரட்டைச் சுருளுக்குள்ளே குட்டி மாண்டல்பிராட் ஒன்று இருந்தது, ஒரு வாரம் தேடியும் அந்த இடம் கிடைக்கவில்லை.

பிடித்த படத்தை மூன்று மடங்கு பெரிதாகக் கணக்கிட்டு, பிறகு சுருக்கி, பிஎன்ஜியாகச் சேமியுங்கள். மெல்லிய இழைகள் பிசிறில்லாமல் வரும். மடிக்கணினி கொஞ்சம் கொதிக்கும், அதனால் நான் இதை இரவு சாப்பிடப் போகும்போது ஓடவிட்டுவிட்டுப் போகிறேன்.