மேல்காற்றுக்கு மறைவாக ஒரு யானைக்காது

வேப்ப மர நிழலிலும் வீட்டுச் சுவரோரத்திலும் பூச்செடி வைத்து, அது பூக்காமல் அலுத்துப்போனவர்கள், அந்த இடத்தை இலைக்காக ஒதுக்கிவிடுவது நல்லது. நிழல் தோட்டம் என்று தேடினால் ஹோஸ்டாவின் படங்களே முதலில் கண்ணில் படுகின்றன. சீனா, கொரியா, ஜப்பான் பகுதிகளைச் சேர்ந்த அந்தச் செடி, குளிர்காலத்தில் நன்றாகக் குளிர்ந்து உறங்கி எழ வேண்டியது. கோவையிலோ ஈரோட்டிலோ அந்தக் குளிர் கிடைக்காது. நமக்கு அதைவிடப் பெரிய இலையோடு, ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நிற்கும் யானைக்காது இருக்கிறது. சேம்பின் இலை வாடைக்காற்றில் அசைவதைக் களிற்றின் செவியாகக் கண்டது சங்கப் பாடல். ஆகவே இந்தப் பெயர் நமக்குப் புதிதும் அன்று.

ஆனால் நாற்றுப்பண்ணைகளில் இந்த ஒரே பெயரில் இரண்டு செடிகள் விற்கப்படுகின்றன. ஒன்று கொலகேசியா, அதாவது பொடக்காளியில், அதாவது வீட்டின் பின்புறத்தில், சலதாரை ஓரத்தில் நாம் பார்த்து வளர்ந்த சேம்பு. மற்றொன்று அலோகேசியா. சேம்பின் இலை நுனி தரையைப் பார்த்துத் தொங்கும். தண்டு இலையின் விளிம்பில் சேராமல் சற்று உள்ளே தள்ளிச் சேரும். அலோகேசியாவின் வளர்ந்த இலை நுனி வானத்தைப் பார்க்கும். தண்டு இலையின் பிளவுக்குள் வந்து சேரும். இளங்கன்றில் இந்த வேறுபாடு ஏமாற்றிவிடும் என்பதால், கன்று வாங்கும்போது அதன் தாய்ச்செடியையும் காட்டச் சொல்லுங்கள். நான் அலோகேசியா என்று நம்பி வாங்கிய கன்று, ஆறு மாதம் கழித்துச் சேம்பாகத் தலை கவிழ்ந்தது. சேம்பின் மேல் எனக்குக் குறையில்லை. அதற்குச் சேறு வேண்டும், அலோகேசியாவுக்கோ வேரில் தண்ணீர் தேங்கவே கூடாது, ஆதலால் ஒன்றுக்காகத் தயாரித்த குழி மற்றொன்றுக்கு உதவவில்லை. பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் ஈர இடத்துக்குச் சேம்பும், மற்ற நிழலுக்கெல்லாம் அலோகேசியாவும் என்பதே என் தேர்வு. இனி எழுதுவது அலோகேசியாவைப் பற்றியது.

இடம் தேர்வதில்தான் நம் ஊரில் பெரும்பாலோர் தவறுகிறார்கள், ஏனெனில் நிழலை மட்டும் பார்த்துக் காற்றை மறந்துவிடுகிறார்கள். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்றின் வேகத்துக்குப் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளே சாட்சி. இரண்டடி அகலமுள்ள இலை அந்தக் காற்றில் நரம்புக்கு நரம்பு கிழிந்து, விளிம்பு கருகி, நடவாழைக் கன்றைப் போல் ஆகிவிடும். நிழலிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கோவை ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்டு நான்காம் வாரத் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. மார்கழியில் குளுமையாக இருக்கும் வடக்குச் சுவரோரம், கடும் வெயில் காலத்தில் நேர்வெயிலில் காய்வதற்கு இதுவே காரணம். வீட்டின் கிழக்குப் புறம் இந்த இரண்டு சிக்கலையும் ஒருசேரத் தீர்க்கிறது: வீடே மேல்காற்றை மறைக்கும், காலை இளவெயில் இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும், உச்சிக்குப் பிறகு நிழல் விழும். கிழக்கில் இடமில்லையென்றால், மேற்கே மதிலோ அடர்ந்த கொய்யாவோ உள்ள மூலையைத் தேடுங்கள்.

மேல்காற்று ஓய்ந்து மழைக்கு முன்பான புரட்டாசிக் கடைசியில் நடுவது சிறந்தது. ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழியெடுத்து, எடுத்த மண்ணில் பாதியுடன் மட்கிய தொழு உரத்தையும் தென்னை நார்க்கழிவையும் கலந்து நிரப்ப வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும். வாளியில் ஊறவைத்துப் பிழிந்தால் முதலில் கட்டங்காப்பி நிறத்தில் சாறு இறங்கும், அது வெளிறும் வரை இரண்டு மூன்று முறை அலசிய பிறகே பயன்படுத்துங்கள். கரிசல் மண்ணாக இருந்தால் குழியை நம்பாமல் அரையடி மேடு கட்டி அதன் மேல் நடுவது வேரைக் காக்கும். தண்டும் கிழங்கும் சேரும் கழுத்து மண்ணுக்குள் புதையக் கூடாது. செடிக்குச் செடி நான்கடி விடுங்கள்.

ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை இலையின் மேல் ஊற்றினால் வெள்ளைத் திட்டுகள் படியும், ஆகையால் அதை அடிமண்ணுக்கு மட்டும் விட்டு, இலை கழுவுவதற்கு மழைநீரையோ நல்ல தண்ணீரையோ வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் போதுமா என்பதைச் செடியே சொல்லும்: ஈரம் போதுமான நாட்களில், விடியற்காலையில் இலை நுனியில் ஒரு சொட்டு திரண்டு நிற்கும், அது பனியன்று, வேர் ஏற்றிய நீர். மூடாக்காகக் காய்ந்த தென்னை மட்டைத் துண்டுகளோ சருகோ போடலாம். பங்குனி, சித்திரையில் இலையின் மேல் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகள் தோன்றினால், அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்; மெல்லிய நூலாம்படை இருந்தால் அது செஞ்சிலந்தி. அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். புது இலை விரியும்போது அடியிலை மஞ்சளாவது இயல்பு, நோயன்று; தண்டு தானாகத் துவளும் வரை அதை வெட்ட வேண்டாம்.

செடியின் எல்லாப் பகுதியிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. சாறு பட்டால் தோல் அரிக்கும், கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். அலோகேசியாவைச் சேம்பென்று நினைத்துச் சமைத்துவிடவே கூடாது. தவழும் குழந்தையும் கட்டுத்தறி மாடும் எட்டாத இடத்தில் வையுங்கள், கையுறையோடு வெட்டுங்கள். பக்கக் கன்றுகள் மூன்று நான்கு இலை விட்டதும், தாய்க் கிழங்கிலிருந்து வேரோடு அறுத்து, வெட்டுவாயை ஒரு நாள் நிழலில் உலர்த்தித் தொட்டியில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும். மிஞ்சும் கன்றுகளை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுங்கள், வாய்க்காலில் மட்டும் எறிந்துவிடாதீர்கள்.