பாண்டில பெட்ரோல் கம்மினு வண்டிய திருப்புறதுக்கு முன்னாடி இந்தக் கணக்க ஒருதடவ போட்டுப் பாருங்க

எங்க ஊரு கடலூரு. எங்க மாப்ள, அதான் தங்கச்சி வீட்டுக்காரரு, ஞாயித்துக்கிழமை காலைல பைக்க எடுத்துக்கிட்டு முள்ளோடை தாண்டி பாண்டி எல்லைக்குள்ள போயி பெட்ரோல் போட்டுட்டு வருவாரு. கேட்டா "லிட்டருக்கு அஞ்சு ரூபா மிச்சம் மச்சான், சும்மாவா"ம்பாரு. நானும் ரொம்ப நாளா அத நம்பிக்கிட்டுதான் இருந்தேன், ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போன நேரத்துல பசங்களோட பழைய ரஃப் நோட்ட எடுத்து உக்காந்து கணக்கு போட்டேன், பாத்தா மாப்ள வாராவாரம் காச மிச்சம் பண்ணல, கையில இருக்கறதயும் ரோட்டுல விட்டுட்டு வர்றாரு. அந்தக் கணக்க எப்படி போடறதுன்னுதான் இந்தப் பதிவு. கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சா போதும், கார், பைக், லோடு வண்டி எதுக்கும் செட் ஆகும்.

ஸ்டெப் 1: ரேட்ட சரியா எடுங்க

இதுலயே பாதிப் பேரு கோட்டை விட்டுடறாங்க. டிவில "சென்னைல இன்னைக்கு பெட்ரோல் விலை"ன்னு ஓடும், அத தமிழ்நாடு பூரா அதே ரேட்டுன்னு நெனச்சுக்கறோம். அது சென்னை ரேட்டு மட்டும்தான். கடலூருக்கு வேற, ஊட்டிக்கு வேற, ஒரே மாநிலத்துக்குள்ளயே மாறும். முன்னாடி எல்லாம் மாசத்துக்கு ரெண்டு தடவதான் ரேட்டு மாத்துவாங்க, 2017 ஜூன் 16ல இருந்து நாடு பூரா தினமும் காலைல 6 மணிக்கு புது ரேட்டுன்னு ஆயிடுச்சு. அப்படி தினமும் மாறணும்னு கட்டாயம் இல்ல, மாசக்கணக்குல அசையாம அப்படியே கெடந்ததும் உண்டு. அதனால ரெண்டு ஊரு ரேட்டையும் ஒரே நாள்ல பாத்து எழுதுங்க. போன மாச பாண்டி ரேட்டையும் இன்னைக்கு கடலூர் ரேட்டையும் வெச்சு கணக்கு போட்டா தப்பாதான் வரும்.

எங்க பாக்கறது? இந்தியன் ஆயில் பங்க்னா அவங்க ஆப் இருக்கு, "இந்தியன்ஆயில் ஒன்"னு பேரு, அதுல பங்க் வாரியா ரேட்டு காட்டும். நெட் இல்லன்னா எஸ்எம்எஸ் போதும்: ஆங்கிலத்துல ஆர், எஸ், பி மூணு எழுத்து, ஒரு இடைவெளி, அப்புறம் அந்த பங்கோட டீலர் கோடு, அத 9224992249க்கு அனுப்பணும். டீலர் கோடு பங்க்லயே எழுதிப் போட்டிருப்பாங்க, ஒருதடவ போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டா தீந்துச்சு. மத்த கம்பெனிகளுக்கும் இதே மாதிரி ஏற்பாடு இருக்கு.

இன்னொண்ணு, நார்மல் பெட்ரோலோட நார்மலத்தான் ஒப்பிடணும். எக்ஸ்பி95 மாதிரி பிரீமியம் சரக்கு லிட்டருக்கு பல ரூபா கூட. எனக்கே ஒருதடவ ஆச்சு, ஹைவேஸ்ல ஒரு பங்க்ல "ஜீரோ பாத்துக்கோங்க சார்"னாரு, நான் ஜீரோவ மட்டும் ஒழுங்கா பாத்தேன், எந்த பம்புல இருந்து போடறாருன்னு பாக்கல. போட்டு முடிச்சப்புறம்தான் லிட்டர் கம்மியா காட்டுதேன்னு முழிச்சேன். அதுல இருந்து வண்டிய ஸ்டாண்டு போடும்போதே "நார்மல்"னு வாயத் தொறந்து சொல்லிடறது.

ஸ்டெப் 2: ஏன் ஊருக்கு ஊரு மாறுதுன்னு ஒருதடவ புரிஞ்சுக்கோங்க

இத தாண்டிப் போயிடலாம்னு தோணும், போகாதீங்க, ஏன்னா காரணம் தெரிஞ்சாதான் எந்தப் பக்கம் போனா கம்மின்னு போர்டு பாக்காமலே ஊகிக்க முடியும். பெட்ரோல் டீசல் ரெண்டும் ஜிஎஸ்டிக்குள்ள வரல. மத்திய அரசோட எக்சைஸ் வரி லிட்டருக்கு இவ்ளோன்னு நாடு பூரா ஒண்ணுதான், அதுக்கு மேல வர்ற வாட் வரிய அந்தந்த மாநிலமே முடிவு பண்ணுது. வித்தியாசம் முக்காவாசி அங்கதான் பொறக்குது.

2024 மார்ச் 15ஆம் தேதி ரெண்டு ரூபா கொறச்சாங்கல்ல, அந்த நாள் கணக்கையே எடுத்துக்கலாம். டெல்லில எண்ணெய் கம்பெனியோட அடிப்படை விலையும் கொண்டாந்து சேக்கற கூலியும் சேத்து 55.66. எக்சைஸ் 19.90. டீலர் கமிஷன் 3.77. இது வரைக்கும் 79.33 ஆச்சா, இதுக்கு மேல டெல்லி வாட் 19.4 சதவீதம், அதாவது 15.39. மொத்தம் 94.72, பங்க் போர்டுலயும் அதேதான்.

இப்ப அதே பெட்ரோல நம்ம பக்கம் கொண்டாங்க. தமிழ்நாட்டுல வாட் 13 சதவீதம், அது போக லிட்டருக்கு 11 ரூபா 52 காசு ஃபிக்சட். 2021 ஆகஸ்ட்ல மூணு ரூபா கொறச்சப்ப வந்த கணக்கு இது. டீலருக்கு வர்ற வெல 55.66உம் 19.90உம் சேத்து 75.56, அதுல 13 சதவீதம் 9.82, கூட 11.52, வரி மட்டும் 21.34. கமிஷன் 3.77ஐயும் போட்டா 100.67. அன்னைக்கு சென்னை ரேட்டு 100.75. எட்டு காசு இடிக்குது, போகட்டும், கொண்டு வர்ற கூலி டெல்லிக்கும் சென்னைக்கும் ஒண்ணா இருக்காது. ஆக அந்த ஆறு ரூபா வித்தியாசமும் கிட்டத்தட்ட முழுசா மாநில வரிதான்.

அந்த ஃபிக்சட் பங்கு இருக்கே, அது ஒரு வேடிக்கையான சமாச்சாரம். கச்சா எண்ணெய் ஏறும்போது நமக்கு கொஞ்சம் நல்லது, ஏன்னா 13 சதவீதத்துக்கு மட்டும்தான் வரி கூட ஏறும். தெலங்கானா மாதிரி 35.2 சதவீதம்னு முழுசா சதவீதத்துலயே வாங்கற எடத்துல வெல ஏற ஏற வரியும் கூடவே நல்லா ஏறிடும். ஆனா எண்ணெய் எறங்கும்போது கத தலைகீழ், நம்ம 11.52 நகராம குத்துக்கல்லு மாதிரி நிக்கும்.

மிச்சம் இருக்கறது தூரம். டெப்போல இருந்து லாரி எவ்ளோ தூரம் வருதோ அந்தக் கூலி ரேட்டுல ஏறும், மலை மேல இருக்கற ஊருல கூட இருக்கறது அதனாலதான். ராஜஸ்தான்ல ஸ்ரீகங்காநகர்னு பாகிஸ்தான் எல்லைக்கிட்ட ஒரு ஊரு, வரியும் ஜாஸ்தி, டெப்போவும் ரொம்ப தூரம், 2021 பிப்ரவரி 17 அன்னைக்கு நாட்டுலயே சாதா பெட்ரோல் மொதல்ல நூறு ரூபாயத் தாண்டுனது அங்கதான்.

ஸ்டெப் 3: உங்க வண்டி நெசமா என்ன குடுக்குது

ஷோரூம்ல சொன்ன மைலேஜ மறந்துருங்க. டேங்க் ஃபுல் பண்ணுங்க, கன் தானா கட் ஆகற வரைக்கும், அதுக்கு மேல வழிய வழிய ஊத்தச் சொல்லாதீங்க. டிரிப் மீட்டர ஜீரோ பண்ணுங்க. வழக்கம்போல ஓட்டுங்க, மைலேஜ் பாக்கறோம்னு அந்த நாலு நாளு மட்டும் நாப்பதுலயே உருட்டாதீங்க. திரும்ப ஃபுல் பண்ணும்போது எத்தன லிட்டர் பிடிக்குதோ அதால ஓடுன கிலோமீட்டர வகுத்தா மைலேஜ். ரெண்டு மூணு தடவ பாத்து சராசரி எடுத்தா இன்னும் நம்பலாம்.

அளவு மேல சந்தேகம்னா பங்க்ல அஞ்சு லிட்டர் முத்திர போட்ட அளவை இருக்கும், அதுல புடிச்சுக் காட்டச் சொல்லிக் கேக்க நமக்கு உரிமை இருக்கு, 25 மில்லி முன்னபின்ன வரைக்கும் ஓகே. அளவுல அடிச்சாங்கன்னா ரேட்ட ஒப்பிட்டு என்ன புண்ணியம்.

ஸ்டெப் 4: இப்ப மாப்ள கணக்கு

நோட்டுல ஒரே ஒரு வரி எழுதிக்கோங்க. அதுக்குன்னே கூடுதலா ஓட்டற கிலோமீட்டர மைலேஜால வகுங்க, அத ரேட்டால பெருக்குங்க, வர்றத லிட்டருக்கு எவ்ளோ வித்தியாசமோ அதால வகுங்க. வர்ற விடைதான் கொறஞ்சது எத்தன லிட்டர் போட்டா நஷ்டம் இல்லைங்கறது.

மாப்ள வீட்டுல இருந்து அவரு போற பங்க் 12 கிலோமீட்டர், போயிட்டு வர 24. வண்டி 45 குடுக்குது. ரேட்டு சுளுவா 100ன்னு வெச்சுக்குவோம், வித்தியாசம் அவரு சொல்ற 5. இருபத்தி நாலுக்கு அரை லிட்டருக்கு மேல, அதாவது 53 ரூபா பெட்ரோல் ரோட்டுலயே போயிடுது. அத அஞ்சால வகுத்தா 10.7 லிட்டர். அவரு டேங்க்கே 10 லிட்டர்தான்! அடில கொஞ்சம் இருக்கும்போதே போறாரு, எட்டு லிட்டர்தான் பிடிக்கும், 40 ரூபா மிச்சம், 53 ரூபா செலவு, பதிமூணு ரூபா நஷ்டம், ஒரு மணி நேரம் போச்சு, வழில டீ வடை தனி.

அதே ரூட்டுல கார். 15 குடுக்குதுன்னா போய்வர 1.6 லிட்டர், 160 ரூபா. 35 லிட்டர் போட்டா மிச்சம் 175. ஞாயித்துக்கிழமைய கெடுத்துக்கிட்டு நிகர லாபம் பதினஞ்சு ரூபா. ஆனா ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ எப்படியும் பாண்டி போறீங்கன்னா கூடுதல் கிலோமீட்டர் ஜீரோ, அந்த 175 முழுசா உங்களுது. விஷயமே இவ்ளோதான், போற வழில இருந்தா போடுங்க, அதுக்குன்னு போகாதீங்க. 2025 ஜனவரில பாண்டிலயும் வரிய ஏத்திட்டாங்க, முன்ன இருந்த இடைவெளி இப்ப இல்ல, அதனால அஞ்சு ரூபாங்கறத நீங்க கணக்கு போடற அன்னைக்கு சரிபாத்துக்கோங்க.

கேன்ல வாங்கி வெச்சுக்கலாமேன்னு ஒரு யோசனை வரும். வேணாம். வீட்டுல பெட்ரோல் வெக்கறது வெளையாட்டு இல்ல.

ஸ்டெப் 5: எந்தப் பார்டர்ல முன்னாடி, எந்தப் பார்டர்ல பின்னாடி

ஆந்திராவுல பெட்ரோலுக்கு 31 சதவீத வாட்டு, அதுக்கு மேல லிட்டருக்கு 4 ரூபா, அதுக்கும் மேல ஒரு ரூபா ரோடு செஸ். அதனால திருப்பதி போறவங்க தமிழ்நாட்டு கடைசி பங்க்லயே ஃபுல் பண்ணிட்டு போங்க, திரும்பறப்ப எல்லை தாண்டற வரைக்கும் தாங்கற அளவு இருந்தா போதும். கேரளாவும் நம்மள விட ஜாஸ்தி. அந்தக் கேரளாக்காரங்களுக்கு ஒரு பாண்டி இருக்கு, மாஹே. கண்ணூர் பக்கம் சின்ன டவுன், ஆனா புதுச்சேரி யூனியன் பிரதேசத்துல சேத்தி, லிட்டருக்கு பத்து ரூபாய்க்கு மேல வித்தியாசம் இருந்ததால அவ்ளோ சின்ன ஊருல வரிசையா பங்க். 2024 மார்ச்ல தலச்சேரி மாஹே பைபாஸ் தெறந்தாங்க, டவுனுக்குள்ள போகாமயே தாண்டிடலாம். இப்ப அங்க போறவங்களும் நம்ம ஸ்டெப் 4 கணக்கத்தான் போடணும், பைபாஸ விட்டு எறங்கறது எத்தன கிலோமீட்டர்னு.

கர்நாடகாதான் பழைய ஞாபகத்துல போறவங்கள ஏமாத்தற பார்டர். 2024 மார்ச்ல பெங்களூர்ல டீசல் 86 ரூபா கிட்ட, சென்னைல 92.34. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளில டீசல் அடிச்சுக்கற லாரிக்கு லிட்டருக்கு ஆறு ரூபாய்க்கு மேல லாபம், 300 லிட்டர் போட்டா 1900 ரூபா. அந்த வருஷம் ஜூன்ல கர்நாடகா வரிய ஏத்துச்சு, டீசல் 89க்கு வந்துச்சு, அதே 300 லிட்டருக்கு லாபம் ஆயிரம் ரூபா ஆச்சு. 2025 ஏப்ரல்ல இன்னொரு தடவ ஏத்தி 91, லாபம் நானூத்து சொச்சம். இதுல இன்னொரு கூத்து, அந்த ஜூன் ஏத்தத்துக்கு அப்புறம் பெங்களூர்ல பெட்ரோல் சென்னைய விட ஜாஸ்தி ஆயிடுச்சு, 102.86. டீசல் வண்டி வெச்சிருக்கற நண்பரு "அங்க கம்மிப்பா"ன்னு சொல்றத கேட்டு பெட்ரோல் கார்ல போனீங்கன்னா கூட குடுத்துட்டுதான் வருவீங்க.

ஸ்டெப் 6: மாசக் கணக்கு

இது டெலிவரி ஓட்டற தம்பிங்களுக்கும் தினம் ஆபீஸ் போறவங்களுக்கும். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், மைலேஜ் 45, மாசம் 26 நாளு. லிட்டருக்கு அஞ்சு ரூபா கம்மியான ஊருலயே நீங்க குடியிருந்தாலும் மாசம் மிச்சம் 115 ரூபாதான். அதே ஆளு டயர்ல காத்து பாக்காம, செயின் காஞ்சு போயி, மைலேஜ் 45ல இருந்து 42க்கு எறங்குனா மாசம் 165 ரூபா கூட போகும். காத்து புடிக்கற கம்ப்ரசர் பங்க்லயே ஓரமா நிக்குது, நாமதான் போர்டப் பாத்துட்டு அத பாக்காம வந்துடறோம்.

ஆட்டோக்காரங்க நெலம வேற. அவங்க வாங்கற காசு ஒரு பக்கம் கட்டிப் போட்டுக் கெடக்கு. சென்னைல மீட்டர் கட்டணம் 2013 ஆகஸ்ட்ல வெச்சது, மொதல் 1.8 கிலோமீட்டருக்கு 25, அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அப்ப சென்னைல பெட்ரோல் 75 ரூபா பக்கம். பத்து வருஷத்துக்கு மேல அந்த 12 அப்படியே நின்னுச்சு, பெட்ரோல் நூறத் தாண்டிடுச்சு. லிட்டருக்கு 25 கிலோமீட்டர் குடுக்கற வண்டின்னு வெச்சுக்கிட்டா, அன்னைக்கு அந்த 12 ரூபால மூணு ரூபா எண்ணெய்க்கு, இப்ப நாலு ரூபா. காலியா சுத்தற கிலோமீட்டர் இதுல சேரல. மீட்டர் போடுங்கண்ணான்னா ஏன் மொறைக்கறாருன்னு இந்தக் கணக்குலயே தெரியும்.

மாப்ளகிட்ட நோட்ட காட்டினேன். ரெண்டு நிமிஷம் பாத்தாரு, 53ஐ திரும்ப வகுத்துப் பாத்தாரு, சரியாத்தான் வந்துச்சு. "மச்சான், அப்ப அடுத்த வாரம் உங்க கார எடுத்துட்டுப் போவமா, அதுலதான் பதினஞ்சு ரூபா லாபம் வருதே"ன்னாரு.