கடல் நத்தைகளை இனங்காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடில்லாக் கடல் நத்தைகளின் படங்களைப் புதியவர்கள் சரிபார்க்கக் கொடுக்கும்போதெல்லாம், நான் தொடக்க காலத்தில் செய்த பிழைகளையே மீண்டும் காண்கிறேன். மங்கலான படம், தவறான எழுத்துக்கூட்டல் போன்றவை பழக்கத்தில் தாமே சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

முதுகுப் படத்தோடு நின்றுவிடுவது

ஃபில்லிடியா வாரிகோசா, ஃபில்லிடியா சீலெஸ்டிஸ் ஆகிய இரண்டு கடல் நத்தை இனங்களுக்கும் நீலமும் கறுப்புமான முதுகு, அதன்மேல் மஞ்சள் நுனியுள்ள புடைப்புகள், மஞ்சள் உணர்கொம்புகள். வளர்ந்த வாரிகோசாவின் முதுகில் புடைப்புகள் நீளவாக்கில் வரிசை வரிசையாக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் சிறிய உயிரிகளில் அந்த வரிசைகள் குறைவாக இருப்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. ஐயத்தைத் தீர்ப்பது பாதத்தின் அடிப்பக்கம். வாரிகோசாவின் பாதத்தில் நீளவாக்கில் ஒரு கருங்கோடு இருக்கும்; சீலெஸ்டிஸின் பாதத்தில் அது இராது.

இதை அறியாமல் ஒரு பருவம் முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிரிகளை மேலிருந்தே படமெடுத்து, அனைத்தையும் வாரிகோசா என்று பதிவு செய்தேன். பட்டியலைப் பார்த்த மூத்தவர் ஒருவர், "பாதத்தைக் காட்டுங்கள்" என்று மட்டும் கேட்டார். என்னிடம் ஒரு படம்கூட இல்லை. எல்லாப் பதிவுகளையும் ஃபில்லிடியா என்ற பேரினப் பெயரோடு நிறுத்த வேண்டியதாயிற்று; அந்தப் பருவத்தின் உழைப்பு இனக் கணக்கில் சேரவே இல்லை. இன்றும் முதுகுப் படம் மட்டுமே உள்ள தொகுப்பு கைக்கு வரும்போது எரிச்சல் வருகிறது.

பாதத்தைப் பார்ப்பதற்காக உயிரியைக் கையால் புரட்டக் கூடாது. பாறை விளிம்பைக் கடக்கும்போது அதுவே முன்பகுதியைத் தூக்கும். கேமராவைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருங்கள். இந்தப் பேரினத்தில் முதுகின்மேல் செவுள் கொத்து இல்லை, செவுள்கள் போர்வைக்கும் (முதுகை மூடிய தோல்மடிப்பு) பாதத்துக்கும் இடையில் ஒளிந்திருக்கும் என்பதையும் அதே கோணத்தில் பார்த்துவிடலாம்.

நிறத்தை மட்டும் நம்புவது

குரோமோடோரிஸ் லோச்சி, குரோமோடோரிஸ் வில்லானி ஆகிய இரண்டும் வெளிர் நீல உடலில் கருங்கோடுகள் கொண்டவை. வில்லானியின் செவுள்களிலும் உணர்கொம்புகளிலும் வெண்புள்ளிகள் தூவினாற்போல இருக்கும். லோச்சியில் அவை இல்லை. எனவே செவுளுக்கும் உணர்கொம்புக்கும் தனித்தனியே நெருக்கப் படம் எடுங்கள். ஒரே இனத்துக்குள் நிறக்கோலம் மாறுவதையும், வெவ்வேறு இனங்கள் ஒரே கோலத்தில் இருப்பதையும் 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு இந்தப் பேரினத்திலேயே காட்டியது.

அளவைக் குறிக்காமல் விடுவது

படத்தில் அளவு தெரியாது. அங்கேயே மதிப்பிட்டு எழுதுங்கள்.

பழைய கையேடு

பழைய கையேடுகளில் ஹெர்மிசெண்டா க்ராசிகோர்னிஸ் என்று இருந்தது 2016இல் மூன்று இனங்களாகப் பிரிக்கப்பட்டது. முதுகு விரல்களில் (முதுகில் விரல்போல் நீட்டிக்கொண்டிருப்பவை) நெடுக வெண்கோடு ஓடினால் க்ராசிகோர்னிஸ்; அந்தக் கோடு இல்லாத ஓபலெசென்ஸ் தனி இனம்.

நத்தையே அல்லாதது

தட்டைப்புழுக்களுக்கு உணர்கொம்பும் இல்லை, செவுள் கொத்தும் இல்லை. தலைப்பக்கம் கொம்புபோல் நிற்பது உடல் விளிம்பின் மடிப்பு. பியர்சனோதூரியா கிரேஃபை என்னும் கடல் அட்டையின் இளம் உயிரி ஃபில்லிடியாவைப் போலவே தோன்றும். அடிப்பக்கத்தில் குழாய்க் கால்கள் தெரிந்தால் அது நத்தை அன்று.